அடிமனை வக்கீல்

ஸ்ரீரங்கத்துக்காரரிடம் "சொந்த வீடா?" என்று கேட்டால் பதில் சட்டென்று வராது. சுவரும் கூரையும் அவருடையவை. அடிமனை ரங்கநாதருடையது என்கிறது கோயில். ஏழு பிராகாரங்களில் வெளிச்சுற்றுகள் முழுக்க வீடும் கடையும்தானே. சித்திரை வீதிப் பக்கம் அப்படியொரு வீட்டில் பிறந்த அப்பா, வக்கீலாகிக் கையில் நாலு காசு சேர்ந்ததும் கே.கே. நகரில் மனை வாங்கினார். "பெருமாளை விட்டுட்டு ஏர்போர்ட் பக்கமாடா போறே?" என்றாள் பாட்டி. "பட்டா இருக்கும்மா" என்றார்.

அவர் பிழைப்போ, திருச்சி டவுனில் அடுத்தவர் மண்ணில், பெரும்பாலும் கோயில் மண்ணில், வீடு கட்டியவர்களால் ஓடியது. 1921-ம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்னால் திருச்சிக்கும் நீட்டினார்கள். மனைக்கு வாடகை கட்டித் தன் காசில் கட்டடம் எழுப்பியவரை, கட்டடத்துக்கு ஈடு கொடுக்காமல் கிளப்ப முடியாது. ஒன்பதாவது பிரிவு அதற்கும் மேலே போனது. காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தால், "மனையை எனக்கே விற்க உத்தரவிடுங்கள்" என்று அவர் கோர்ட்டைக் கேட்கலாம். வீட்டை அனுபவிக்கக் குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும் என்று கோர்ட் முடிவு செய்யும்; முந்தைய மூன்று வருஷச் சந்தை விலையின் சராசரிதான் விலை.

ஆனால் சம்மன் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும். கட்சிக்காரர்கள் மஞ்சள் பையில் சம்மனைச் சுருட்டிக்கொண்டு சாவகாசமாக வருவார்கள். "அமீனா என்னிக்குக் குடுத்தான்?" "போன அமாவாசைக்கு முந்தி, ஐயா." குமாஸ்தா பாம்புப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் டைப்ரைட்டர் ஓயாது.

ஹைகோர்ட் அப்பீல் என்றால் சென்னை, ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ். போக்குவரத்துச் செலவுக்குப் பயந்தே தோற்ற வழக்கோடு நின்றுவிட்டவர்கள் உண்டு. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்த பிறகுதான் காலையில் பஸ் ஏறி ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்ப முடிந்தது.

அதற்குள் அவருடைய சட்டமே போய்விட்டிருந்தது. 1996-ன் திருத்தம் கோயில் உள்ளிட்ட சமய நிறுவனங்களின் மனைகளை விலக்கியது. நிலுவையில் இருந்த மனுக்களும் அற்றுப்போயின. "சட்டம் செத்துப்போச்சு, கட்சிக்காரர் உயிரோட இருக்கார்" என்றார் அப்பா. 2005-ல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது. கோயில் பக்கமும் நியாயம் உண்டு. தாத்தா காலத்து வாடகையைக்கூடப் பாக்கி வைத்தவர்கள் இருந்தார்கள். அப்பா அதை ஒப்புக்கொள்வார், கோட்டைக் கழற்றிய பிறகு.

இப்போது கட்சிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் கே.கே. நகருக்கு வந்து பழைய கட்டுகளைத் தேடச் சொல்கிறார்கள். 1996-க்கு முன்பே பணம் கட்டிக் கிரயம் முடித்த குடும்பத்துக்கு மனை சொந்தம். மனு நிலுவையில் நின்ற பக்கத்து வீட்டுக்கு ஒன்றுமில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தால் சில சமயம் இரண்டு வாய்தாதான் வித்தியாசம்.