புலியிலச்சினையும் விடையிலச்சினையும்

பண்டைத் தமிழ்வேந்தர் தத்தம் குலத்திற்குரிய பொறியொன்று உடையராயிருந்தனர். சேரர்க்கு வில்லும், சோழர்க்குப் புலியும், பாண்டியர்க்குக் கயலும் உரியவாதலைப் பழந்தமிழ் நூல்கள் கூறும். காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவர் விடையைத் தம் பொறியாகக் கொண்டனர். விடை சிவபெருமானுக்கு ஊர்தியும் கொடியுமாதல் யாவரும் அறிந்ததே. அங்ஙனமாயின், தஞ்சையில் இராசராசேச்சரம் எடுத்துச் சிவபாதசேகரன் என்னும் பெயர் பூண்ட முதல் இராசராசனும், கங்கைகொண்டசோழேச்சரம் எடுத்த அவன் மைந்தன் இராசேந்திரனும் விடையைக் கொள்ளாது புலியையே பொறித்தது என்னையெனின், அவர்தம் செப்பேடுகளே அதற்கு விடை பகரும்.

செப்பேடுகளின் துளையில் வளையமொன்று கோத்து, அதன் இருமுனையும் கூடுமிடத்தில் இலச்சினை பொருத்துவது பண்டை வழக்கு. வளையத்தை அறுத்தாலன்றி ஓரேட்டை நீக்கவும், புதியதொன்றை இடையே செருகவும் இயலாது. ஆகலின், இலச்சினை அழகு கருதி வைத்ததன்று; வேந்தன் கொடுத்த சொல் பிறழாமைக்கு வைத்த காவலென்க. இராசேந்திரனது இலச்சினையில் புலி அமர்ந்திருக்கும். அதனோடு இரு கயலும் வில்லும் காணப்பெறும். மேலே குடையும், அதன் இருமருங்கும் கவரியும் விளங்கும். ஏனை இருவேந்தர் பொறிகளும் புலியோடு ஒருங்கு நின்று, அவர் நாடுகள் சோழன் ஆணைக்கு உட்பட்டமையைக் காட்டும். அவ்வாணை மன்னர் பலர் முடிமேலும் செல்வதென்பது சூழ எழுதிய வடமொழி வாசகத்தின் கருத்து.

இவ்விலச்சினை தாங்கிய செப்பேட்டுத் தொகுதிகளுள் இரண்டு ஈண்டு நோக்கற்பாலன. ஒன்று திருவாலங்காட்டுச் செப்பேடு. 31 ஏடுகளையுடைய இது, இராசேந்திரனது 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்தமை கூறுவது. இறைவன் ஆடல் கண்டு காரைக்காலம்மையார் இன்புற்றிருக்கும் தலம் அதுவே எனில், அக்கொடையின் பெருமை சொல்லவேண்டா. மற்றொன்று ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்திற் பன்னெடுங்காலம் இருந்தமையின் லெய்டன் செப்பேடு எனவும் வழங்கும் இது 21 ஏடுகளையுடையது. கடல்கடந்த ஸ்ரீவிசய நாட்டரசன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த சூளாமணிவர்ம விகாரம் என்னும் புத்தப்பள்ளிக்கு, இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அளித்தான். அவன் மறைந்தபின் அக்கொடை நிலைபெறுமாறு செப்பேட்டில் உறுதிசெய்தவன் இராசேந்திரனே.

ஆலங்காட்டிறைவன் கொடைக்கும் புத்தப்பள்ளியின் கொடைக்கும் புலியிலச்சினையே காவலாயிற்று. இதுகொண்டு அவ்வேந்தனது சைவப்பற்றுத் தளர்ந்ததென்பார் உளராயின், அது பொருந்தாது. தந்தை சொல்லை மைந்தன் காத்தான். கொடை பெற்றார் எச்சமயத்தார் என நோக்கி முறையை வேறுபடுத்தினானல்லன்.

இதன் மறுதலையைப் பல்லவரிடத்துக் காணலாம். இரண்டாம் நந்திவர்மன் திருமாலடியான். காஞ்சியில் பரமேச்சுர விண்ணகரம் எடுத்தவன். எனினும், அவனது 22-ஆம் ஆட்சியாண்டிற் பிறந்த காசாக்குடிச் செப்பேட்டின் இலச்சினையில் நிற்பது விடையே. திருமாலன்பன் விடையை மாற்றிற்றிலன்; சிவனடியான் புலியை மாற்றிற்றிலன். பொறி குலத்திற்கும் நாட்டிற்கும் உரியதேயன்றி, ஆள்வோன் ஒருவனது உள்ளத்து வழிபாட்டிற்கு உரியதன்று என்பது இவற்றாற் பெறப்படும்.

அவ்வாறாயின் அவ்வேந்தரது சிவபத்தியை எங்கே காண்பது? அவர் எடுத்த கற்றளிகளிலும், விட்ட நிவந்தங்களிலும், பூண்ட பெயர்களிலும் காண்க. திருநீறு அன்பின் அடையாளம். இலச்சினை முறையின் அடையாளம். சேக்கிழார் பெருமான் அடியார் வரலாறு தொடங்குமுன் மனுநீதிச் சோழன் முறைசெய்தமையை வைத்தது, முறையும் சிவநெறிக்குப் புறம்பன்று என்பதை அறிவுறுத்துமன்றே. தன் சமயத்தார்க்கும் பிற சமயத்தார்க்கும் ஒருபடித்தாய் நின்ற அப்புலி, சிவநெறி நின்ற வேந்தனது செங்கோலுக்கு இழுக்கன்று, சான்றேயாம்.