மலையைச் சுற்றும் பிழைப்பு

திருவண்ணாமலைக்கு ஆட்கள் வந்த கதையைப் பக்தியிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் ரயிலிலிருந்து தொடங்குகிறேன். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி வெங்கடராமன் என்கிற பதினாறு வயதுப் பையன் இங்கே வந்து இறங்கியது ரயிலில்தான். பிற்பாடு அவர் ரமணர். 1934இல் பால் பிரண்டனின் புத்தகம் வெளியானபின் அவரைத் தேடி வெள்ளைக்காரர்கள் வருவது கூடியது. ஆசிரமத்தைச் சுற்றி வாடகை அறை, டீக்கடை, ஆட்டோ என்று ஒரு ‘சீசன்’ பொருளாதாரம் திரண்டது. பௌர்ணமிக் கூட்டத்தை நம்பிய பிழைப்பு வேறு. இதெல்லாம் ஸ்தலபுராணத்தில் வராது.

2020 மார்ச் ஊரடங்கில் இரண்டும் ஒருசேர நின்றன. வழக்கமான சர்வதேச விமானங்கள் மறுபடி பறந்தது 2022 மார்ச் 27இல். அதுவரை பெரும்பாலான பௌர்ணமிகளில் கிரிவலத்துக்குத் தடை. கோயிலுக்குள் பூஜை நிற்கவில்லை, மலைமேல் தீபமும் ஏறியது. அணைந்தது, 14 கிலோமீட்டர் பாதையில் கற்பூரமும் இளநீரும் விற்றவர்கள் வீட்டு அடுப்பு. சுற்றுலாத் தொழிலின் ‘சரிவு’ என்ற சொல்லாடலில் லாட்ஜ் முதலாளிக்கு இடமுண்டு, இவர்களுக்குக் கிடையாது.

பிறகு கூட்டம் வந்தது, ஆந்திரா தெலங்கானாவிலிருந்தும் பஸ் பஸ்ஸாக. சும்மா சொல்லக்கூடாது, வியாபாரம் நடக்கத்தான் செய்கிறது. கூடவே மனை விலையும் ஏறுகிறது. சமதளத்தில் இடம் வாங்க முடியாதவன் எங்கே போவான்? மலைச்சரிவுக்குத்தான். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் செத்தார்கள். அதில் ஐந்து குழந்தைகள். பன்னிரண்டு நாள் கழித்து, 13ஆம் தேதி, தீபம் ஏற்றினார்கள். அந்த வருஷம் பக்தர்களுக்கு மலையேற அனுமதி இல்லை.