தோல் குடோனில் கிடந்த ஹெரால்டு

என் தங்கை மகன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "மாமா, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பே வாங்கி ரெடி பண்ணப் போறேன். வண்டி பார்த்தாச்சு. நீங்க வந்து ஒரு தடவை பாருங்க" என்றான்.

என்ன வண்டி என்று கேட்டேன். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 1967, இரண்டு கதவு. பேரணாம்பட்டு பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு தோல் ஷாப்பின் குடோனில் இருக்கிறதாம். "டாப்பைக் கழற்றிட்டு பின்பக்கத்தைச் சரிச்சு அடிச்சா கூப்பே ஆயிடும்னு டிங்கர் சொல்றார்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெரால்டு நாலு பேர் உட்காரும் குடும்ப வண்டி. எங்கள் தெரு டாக்டர் அதில்தான் கேஸ் பார்க்கப் போவார். ஆனால் யோசித்துப் பார்த்தால் பையன் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் பழங்கதை வேண்டும்.

நம் நாட்டில் பழைய கூப்பே தேடுகிறவனுக்கு ஏன் ஹெரால்டு மாதிரி வண்டிதான் அகப்படுகிறது? 1953-ல் டாரிஃப் கமிஷன் சிபாரிசின்மேல் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்று. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. கார் என்று மிஞ்சியவர்கள் கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், மதராஸில் ஸ்டாண்டர்ட். மூவரும் செய்தது குடும்ப வண்டிகளே. ஒரு மனிதன் தானும் ஒரு சிநேகிதனுமாக வேகமாகப் போவதற்கென்று ஒரு வண்டி செய்ய அந்தக் காலத்தில் யாருக்கு லைசென்ஸ் கிடைத்திருக்கும்?

மதராஸ்காரர்தான் நம் கதைக்கு வேண்டியவர். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கியது, தொழிற்சாலை வண்டலூரில். வேன்கார்ட், டென், பென்னன்ட் எல்லாம் செய்துவிட்டு 1961-ல் ஹெரால்டுக்கு வந்தார்கள். இங்கிலாந்தில் அதன் பெயர் ட்ரயம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி.

அந்த வண்டி பிறந்த விதமே விசித்திரம். அன்றைக்கு மற்ற கம்பெனிகள் எல்லாம் பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த ஒற்றைக் கூடு செய்யப் போய்விட்டார்கள். ஸ்டாண்டர்ட்-ட்ரயம்ஃபுக்கு பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. பெரிய கூட்டை அடித்துத் தர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் லாரிக்குப் போல கீழே தனி சேசிஸ், மேலே பல இடங்களில் அடித்து வாங்கிய துண்டுகளைப் போல்ட் போட்டு இணைப்பது என்று முடிவு செய்தார்கள். பழைய முறை, கட்டாயத்தால் வந்தது. அதில்தான் லாபமும் இருந்தது. பின்பக்கத் துண்டையும் டாப்பையும் மாற்றினால் ஒரே சேசிஸில் வேறு வேறு வண்டி. 1959 ஏப்ரலில் ஹெரால்டு வெளிவந்தபோதே சலூனோடு கூட ஒரு கூப்பேயும் வந்தது. அதே 948 சி.சி. எஞ்சின், கார்பரேட்டர் மட்டும் இரண்டு. 1964-ல் அதை நிறுத்திவிட்டார்கள். நம் வண்டலூரிலிருந்து வந்தது சலூன்.

இன்னொன்று. அந்தச் சேசிஸைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதிலிருந்து 1966-ல் ஆறு சிலிண்டர் போட்ட ஜி.டி.6, அசல் கூப்பே. பையன் கேட்டதில் பாதி நியாயம் என்றேனே, அது இதுதான். நம் டாக்டர் ஓட்டியது ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பின்மேல் உட்கார்ந்த குடும்ப வண்டி.

ஓட்டினவர்களுக்கு அது தெரியும். 25 அடி வட்டத்தில் திரும்பும். ஆம்பூர் பஜார் சந்தில் அம்பாசடர்காரர் மூன்று தடவை முன்னும் பின்னும் போகிற இடத்தில் ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிவிடும். பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். டாக்டர் வண்டி நின்றுபோனால் எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. டயர் மேலேயே உட்கார்ந்து மெக்கானிக் வேலை செய்வார். பின்னால் ஸ்விங் ஆக்ஸில், குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். கல்யாணத்துக்கு ஆறு பேரை ஏற்றினால் பின்சக்கரங்கள் காலை அகட்டிக்கொள்ளும், டயர் உள்பக்கம் தேயும். மெக்கானிக்குகளும் அந்த ஆக்ஸிலோடு ஒத்துப்போகவில்லை. பின்னால் வந்த நாலு கதவு கஸலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். 1977-ல் அதுவும் நின்றது.

சரி, குடோனுக்கு வருவோம். பாலாற்று வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம்; கழிவு நீரைச் சுத்தம் செய்யாவிட்டால் மூட வேண்டும். அப்போது மூடிய சின்ன ஷாப்புகளில் ஒன்று அது. முதலாளி வீட்டார் காரை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டார்கள். மழை படாத இடம், ஓட்டுக் கூரை, வெயில் இல்லை. மேலே பெயின்ட் மங்கியிருந்ததே தவிர துரு அதிகம் தெரியவில்லை. பையன் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

நான் தரையைப் பார்த்தேன். சுவரோரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்கி வைக்கிற குடோன் அது. எத்தனையோ வருஷ உப்பு தரையில் ஊறியிருக்கும். மழைக்காலம் வந்தால் அந்தத் தரை வேர்க்கும். வெயிலில் நின்ற வண்டி மேலிருந்து கெடும். இந்த வண்டி கீழிருந்து கெட்டிருக்கிறது.

ஒரு பையனை ஜாக்கி வைக்கச் சொல்லி, டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்தோம். ஹெரால்டில் கதவுக்குக் கீழே தெரியும் நீளத் தகடு அலங்காரத்துக்குத்தான், அது போனாலும் மோசமில்லை. நடுச் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் பாடியைத் தாங்குகின்றன. இடதுபக்கம் பின்கையில் ஸ்க்ரூடிரைவர் பிடி வரை உள்ளே போய்விட்டது. கதவை மூடிப் பார்த்தால் மேலே ஒரு விரல் சந்து, கீழே ஒட்டிக்கொள்கிறது. டாப்பையும் கழற்றிவிட்டால் நடுவில் தொய்ந்துவிடும் என்று அவனுக்கே புரிந்தது.

நடுச் சேசிஸ் நல்ல காலமாகக் கெட்டியாக இருந்தது. நம்பரும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போயின. முதல் வண்டி வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்ப்பார்கள், இதைப் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்தபின் டாப்பை வெட்டுவது பற்றிப் பேசினோம். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டிய சொந்த வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். மறுபதிவுக்கு ஐயாயிரம், புதுப் பதிவானால் இருபதாயிரம். பத்து வருஷம் செல்லும். தினமும் ஓட்டக்கூடாது, கண்காட்சி, ராலிக்குப் போகலாம். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும்; சேசிஸையோ பாடியையோ எஞ்சினையோ மாற்றியிருக்கக் கூடாது. வெட்டினால் அந்தக் கதவு அடைந்துவிடும். வெட்டிய வண்டி கூப்பேயும் ஆகாது, ஹெரால்டும் ஆகாது என்றேன். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த சண்டை சீட்டுக்கு. தோல் ஊரில் பிறந்தவன் ரெக்ஸின் சீட்டில் உட்காருவதா என்றான். நான் பார்த்த ஹெரால்டுகளில் ரெக்ஸின்தான் இருந்தது. அதோடு ஷூ மேல்தோலுக்கு வரும் ஆட்டுத்தோல் சின்னது. சீட்டுக்கு ஒட்டுப்போட்டுத் தைத்தால் சட்டை மாதிரி தையலாகவே தெரியும். பெரிய மாட்டுத்தோல் வேண்டும், அதுவும் கீறல் இல்லாமல். இந்த விஷயத்தில் அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சீட்டு போல்ட் போட்டதுதானே, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

துருவைக் காட்டிப் பேரம் பேசியதில் விலை நன்றாகவே இறங்கியது. இங்கிலாந்தில் 1977 முதல் ட்ரயம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்று ஒரு சங்கம் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர்காரர்களுக்காகவே இருக்கிறது. அங்கே புதிதாகச் செய்த பாகங்கள் கிடைக்கின்றன. சுங்கவரியை நினைத்து அவன் முதலில் புதுப்பேட்டையைத்தான் சுற்றினான்.

இப்போது சேசிஸ் காட்பாடியில் வெல்டிங்கில் இருக்கிறது. வேலைக்காகக் கழற்றிய டாப் முழுசாக என் தங்கை வீட்டு மொட்டைமாடியில். போன வாரம் போனபோது அவள் அதன்மேல் துணி விரித்து மோர்மிளகாய் காயப்போட்டிருந்தாள். பையன் மாடிப்படியில் ஓடிவந்து, "அம்மா, அதுல உப்பு இருக்கும்மா!" என்று கத்தினான்.