கொலைக்கு வக்காலத்து

1407 நவம்பர் 23, இரவு. அரசி இசபோவைப் பார்க்க வந்திருந்த ஓர்லியான் பிரபு லூயிக்கு, மன்னர் உடனே அழைக்கிறார் என்று தகவல் வந்தது. பொய்த் தகவல். கோவேறு கழுதையில் ஏறிப் புறப்பட்டவரைப் பாரிஸின் தெரு ஒன்றில் கூலிப்படையினர் வழிமறித்து வெட்டிச் சாய்த்தார்கள். இறந்தவர் மன்னரின் உடன்பிறந்த தம்பி. கொல்லச் சொன்னவர் மன்னரின் சித்தப்பா மகன், பர்கண்டியின் பிரபு ழான். அஞ்சாநெஞ்சர் என்பது அவருடைய பட்டப்பெயர்.

மன்னர் ஆறாம் சார்லஸின் மனநோயைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் தெளிவாக இருக்கும் நாட்களில் அவரைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளும் போட்டியில்தான் லூயி கொலையுண்டார். நான்தான் செய்வித்தேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டு ஊரைவிட்டு ஓடிய பர்கண்டிப் பிரபு, சில மாதங்களில் படையோடு திரும்பி வந்தார். கூடவே ஓர் இறையியல் பேராசிரியரையும் அழைத்து வந்தார். பெயர் ழான் பெத்தி. 1408 மார்ச் 8 அன்று அரசவை முன்னால் பெத்தி மணிக்கணக்கில் பேசினார். பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் நினைவாகப் பன்னிரண்டு காரணங்களை அடுக்கினார். சாரம் இதுதான்: லூயி கொடுங்கோலன், கொடுங்கோலனை எந்தக் குடிமகனும் கொல்லலாம், சதி செய்தும் கொல்லலாம், கொடுத்த சத்தியத்தை மீறியும் கொல்லலாம், தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே நடந்தது கொலையல்ல, புண்ணியம்!

அவையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னால் வாய் திறந்தவர்தான் இந்த வார நாயகர். அவர் பெயரும் ழான். (இந்தக் கதையில் ழான்களுக்குப் பஞ்சமே இல்லை; இன்னும் வருவார்கள்.)

ழான் ஜெர்சோன், பாரிஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தர். 1363 டிசம்பர் 14 அன்று ஆர்டென் பகுதியில் ஜெர்சோன் என்ற சிற்றூரில், பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். பதினான்கு வயதில் பாரிஸின் நவார் கல்லூரிக்கு வந்தார். பியேர் தய்யி என்ற பேராசிரியரின் அன்புக்குரிய மாணவரானார். தய்யி ஆயராகப் போனபோது, காலியான வேந்தர் நாற்காலி 1395-இல் மாணவருக்கு வந்தது. இன்று வேந்தர் பதவி பெரும்பாலும் அலங்காரம். அன்று பாரிஸில் இறையியல் கற்பிக்க உரிமம் தருபவரே அவர்தான்.

அவருக்குப் பாரிஸ் பிடிக்கவில்லை. பர்கண்டிக் குடும்பத்தின் தயவில் புரூஜ் நகரத்து ஆலயம் ஒன்றின் தலைமைக் குருப் பதவி கிடைத்திருந்தது. 1399-இல் அங்கே போனவர், வேந்தர் பதவியை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். அந்த நாட்களில் லத்தீன் தெரியாத தம் சகோதரிகளுக்காகப் பிரெஞ்சிலேயே 'தியான மலை' என்ற நூலை எழுதினார். அறிஞர்களைவிட எளிய பெண்கள் இறைவனை எளிதாக நெருங்கலாம் என்று ஓர் இறையியல் பேராசிரியர் எழுதுவது அன்று சாதாரணமல்ல. மரண தண்டனைக் கைதிகளுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய அனுமதி கிடையாது என்ற பிரெஞ்சு வழக்கத்தை எதிர்த்ததும் அவர்தான். 1397-இல் அந்த வழக்கம் மாறியது. 1402-இல் 'ரோஜாவின் காதை' என்ற புகழ்பெற்ற காவியம் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று எழுத்தாளர் கிறிஸ்டீன் தெ பிசான் சண்டைக்கு நின்றபோது, அவர் பக்கம் சேர்ந்து எழுதினார். அவருடைய காரணம் வேறு, ஒழுக்கக்கேடு. ஆனாலும் பக்கம் ஒன்றே.

அரண்மனையின் துதிபாடி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. 1405-இல் அரச குடும்பத்தின் முன்னிலையில் நிகழ்த்திய உரையில், வரியாலும் படைவீரர் கொள்ளையாலும் உழவர் படும் பாட்டை எடுத்துச் சொன்னார். அதே உரையில் மூன்று குரல்களைப் பாத்திரங்களாக்கிப் பேசவைத்தார். கலகம், கொடுங்கோலனைக் கொல் என்கிறது. பாசாங்கு, கண்டும் காணாமல் இரு என்கிறது. இரண்டையும் விலக்கி நடுவழி காட்ட வருகிறது விவேகம். மூன்றாண்டு கழித்துப் பெத்தி பேசியது, இவர் கற்பனையில் படைத்த முதல் குரலையேதான்.

இங்கேதான் ஜெர்சோன் எனக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறார். பெத்தியை எதிர்ப்பதென்றால் தமக்குச் சோறு போட்ட பர்கண்டிக் குடும்பத்தையே எதிர்ப்பது. அப்படியே நடந்தது; புரூஜ் பதவியும் வருமானமும் போயின. 1413-இல் பர்கண்டிக்கு ஆதரவாகப் பாரிஸ் கசாப்புக்காரர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்கள் கேட்ட பணத்தைத் தர மறுத்தார். வீடு சூறையாடப்பட்டது. வேந்தர் நோத்ர்தாம் பேராலயத்தின் மேல் வளைவுகளுக்குள் ஒளிந்து உயிர் தப்பினார். கலகம் அடங்கியதும் கீழே வந்து முதல் வேலையாகப் பெத்தியின் கருத்துகள் மீது குற்றச்சாட்டைத் தொடுத்தார். பெத்தி 1411-லேயே இறந்துவிட்டார். ஆள் போனாலும் வாதம் உயிரோடு இருந்தது. 1414 பிப்ரவரியில் பாரிஸ் ஆயர் அதற்குக் கண்டனம் விதித்தார். நூல் பேராலயத்தின் முன் எரிக்கப்பட்டது. பர்கண்டிப் பிரபு மேல்முறையீட்டுக்குப் போனார்.

அந்த வழக்குப் போய்ச் சேர்ந்த இடம் கான்ஸ்டன்ஸ். 1378 முதல் திருச்சபைக்கு ரோமில் ஒரு போப், அவிஞோனில் ஒரு போப். இருவரையும் நீக்குகிறோம் என்று 1409-இல் பீசாவில் கூடியவர்கள் மூன்றாவதாக ஒருவரைத் தேர்ந்தெடுக்க, முன்னிருந்த இருவரும் நகர மறுத்துவிட்டார்கள். மூன்று போப்கள்! இதைத் தீர்க்கக் கூடியதுதான் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம். 1415 மார்ச் 20 அன்று பீசா வழி வந்த இருபத்து மூன்றாம் ஜான் மாறுவேடத்தில் தப்பியோட, சங்கம் கலையும் நிலை. மூன்றாம் நாள் ஜெர்சோன் எழுந்து, போப் இல்லாமலும் சங்கம் தொடரலாம், போப்பும் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று உரையாற்றினார். ஏப்ரல் 6 அன்று சங்கம் அதையே ஆணையாக்கியது. 1417 நவம்பரில் ஐந்தாம் மார்ட்டின் தேர்வானார், பிளவு முடிந்தது.

ஆனால் அதே சங்கத்தில்தான் பொஹீமியாவின் ஜான் ஹுஸ் 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் எழுத்தில் பிழைகளைப் பட்டியலிட்டு முன்கூட்டியே பிராகாவுக்கு அனுப்பியவர்களில் ஜெர்சோனும் ஒருவர். சாகப்போகும் கைதிக்கு இரக்கம் கேட்டவர், ஹுஸ் விஷயத்தில் இரக்கம் காட்டவில்லை. காலத்தின் பிள்ளை என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அது போதவில்லை. தவறான கருத்து ஆளைக் கொல்லும் என்று பெத்தியிடம் கற்றுக்கொண்டவர், கருத்துக்காக ஆளைக் கொல்வதில் தவறு காணவில்லை.

அதே ஜூலை 6-இல் பெத்தியின் வாதமும் பொதுப்படையாகக் கண்டிக்கப்பட்டது. பெத்தியின் பெயரையோ பர்கண்டியின் பெயரையோ சங்கம் உச்சரிக்கவில்லை. அடுத்த ஆண்டு பாரிஸ் ஆயரின் தீர்ப்பையும் மூன்று கர்தினால்கள் ரத்து செய்தார்கள். ஹுஸ்ஸிடம் காட்டிய கண்டிப்பு இங்கே எங்கே போயிற்று என்று ஜெர்சோன் பொருமினார். பர்கண்டி தரப்பில் அவரை எதிர்த்து வாதாடியவர்களில் ஒருவர் பியேர் கோஷோன். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1418-இல் பர்கண்டிப் படை பாரிஸைப் பிடித்தது. எதிர்த்தரப்பினர் தெருக்களில் கொன்று குவிக்கப்பட்டார்கள். ஊர் திரும்பினால் தலை போகும். ஜெர்சோன் ஆஸ்திரியாவில் மெல்க் மடத்தில் தங்கினார். அந்த நாடோடிக் காலத்தில்தான் 'இறையியலின் ஆறுதல்' நூல் பிறந்தது. 1419 செப்டம்பரில் மொந்தரோ பாலத்தில் சமாதானம் பேச வந்த பர்கண்டிப் பிரபு வெட்டிக் கொல்லப்பட்டார். பெத்தியின் வாதம் அதன் எஜமானரையே திருப்பித் தாக்கியதுபோல் இருந்தது. அதன் பிறகே ஜெர்சோன் பிரான்ஸுக்குத் திரும்பினார். பாரிஸுக்கு அல்ல, தம்பி துறவியாக இருந்த லியோனுக்கு.

கடைசிப் பத்தாண்டும் அங்கேதான். எழுதினார், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார். இவ்வளவு பெரிய மனிதர் குழந்தைகளோடு நேரத்தை வீணாக்குகிறாரே என்று பாரிஸிலேயே கேலி செய்தவர்கள் உண்டு. அதற்குப் பதிலாக ஒரு நூலே எழுதியிருக்கிறார். சூசையப்பரைத் தள்ளாத கிழவராகச் சித்திரித்த வழக்கத்தை மறுத்து, உழைக்கும் வலிமையுள்ள இளைஞர் அவர் என்று வாதிட்டு ஏறக்குறைய 3,000 அடிகளில் லத்தீன் காவியம் பாடினார். பத்துக் கட்டளை, பாவசங்கீர்த்தனம், நல்மரணம் ஆகிய மூன்றையும் பற்றிய அவருடைய சிறுநூல் 1544-இல் மெக்சிகோவில் அச்சாகும் அளவுக்குப் பரவியது.

1429 மே மாதம் ஓர்லியான் முற்றுகையை உடைத்தாள் ஒரு கிராமத்துப் பெண். முற்றுகை நீங்கிய ஆறே நாளில், மே 14 தேதியிட்டு, ஜோன் என்ற அந்தப் பெண்ணை ஆதரித்து லியோனில் ஒரு சிறு நூல் எழுதப்பட்டது. அது ஜெர்சோன் கையால் ஆனது என்பது பழைய நம்பிக்கை. ஆய்வாளர் சிலர் மறுப்பதும் உண்டு. அவள் ஆண் உடை அணிவது குற்றமல்ல என்று அது வாதிடுகிறது. ஜூலை 12 அன்று ஜெர்சோன் இறந்தார். ஐந்து நாள் கழித்து ரேன்ஸ் பேராலயத்தில் ஏழாம் சார்லஸ் முடிசூடியபோது, கொடியோடு அருகில் நின்றாள் ஜோன்.

1431-இல் ரூவானில் அவளை விசாரித்து நெருப்புக்கு அனுப்பிய ஆயர், அதே பியேர் கோஷோன். குற்றப்பட்டியலில் ஆண் உடைக்குப் பெரிய இடம். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்தத் தீர்ப்பை ரத்து செய்த மறுவிசாரணையின் ஆவணக்கட்டில் லியோனின் அந்தச் சிறு நூலும் சேர்க்கப்பட்டிருந்தது. ரூவான் விசாரணை எப்படி நடந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)