வாலிபர் வளர்த்த யந்திர வித்தை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலே, தெற்குக் கலிபோர்னியா என்று வழங்கும் பிரதேசத்தில், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு விசித்திரமான வழக்கம் வேரூன்றியது. பள்ளிப் படிப்பைக்கூட முடித்திராத பிள்ளைகள், காயலான் கடையில் கிடக்கும் பழைய மோட்டார் காரைச் சொற்ப விலைக்கு வாங்கி, வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில் நிறுத்தி, அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதனினும் வலிமையுள்ள வேறோர் எஞ்சினைத் தாமே பொருத்தி, கார்புரேட்டரையும் தாமே சீர்செய்து ஓட்டத் தொடங்கினார்கள். இப்படி உருவான வண்டிகளுக்குப் பிற்காலத்தில் ‘ஹாட் ராட்’ என்ற பெயர் நிலைத்தது. பெரியவர்கள் வீண் விளையாட்டென்று ஒதுக்கிய இந்தக் காரியம், சுமார் இருபது ஆண்டுகளில் ஒரு தனித் தொழிலாக விரிந்து, பெரிய மோட்டார் கம்பெனிகளையே தம் போக்கை மாற்றிக்கொள்ளச் செய்த வரலாறு, யந்திர யுகத்தில் பிள்ளைகளை வளர்க்கிற எவரும் அறிந்திருக்கத் தக்கது.

இதற்கு விதை போட்டவர் ஹென்றி ஃபோர்டு. அவர் 1908-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மாடல் டி’ என்னும் கார், 1927-இல் நிறுத்தப்படும்வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்கப்பட்டது. குடியானவன் ஒருவன், ஸ்பானரும் திருப்புளியும் மட்டுமே வைத்துக்கொண்டு, வழியிலே நின்று ரிப்பேர் செய்துகொள்ளத்தக்க எளிமை அதில் இருந்தது; ஒரு வண்டியின் உறுப்பு மற்றொரு வண்டிக்கு அப்படியே பொருந்திற்று. இத்தனை வண்டிகளும் நாளடைவில் பழசாகிக் காயலான் கடைகளை நிரப்பியபோது, பணமில்லாத சிறுவனுக்கும் யந்திரம் எட்டும் பொருளாயிற்று. உறைபனியும், அதைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பும் இல்லாத தெற்குக் கலிபோர்னியாவின் சீதோஷ்ணத்தில் பழைய இரும்பு எளிதில் துருப்பிடிப்பதில்லை என்பதும், வருஷம் முழுவதும் திறந்த வெளியில் வேலை செய்யலாம் என்பதும் அந்தப் பிரதேசத்துக்கு வாய்த்த அநுகூலங்கள்.

விக் எடெல்ப்ராக் என்பவரின் பால்ய வாழ்க்கை இதற்குத் தக்க உதாரணம். கான்ஸஸ் ராஜ்யத்தில் 1913-இல் பிறந்த அவர், குடும்பத்தின் மளிகைக் கடை 1927-இல் தீக்கிரையாகிவிடவே, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, விச்சிட்டா நகரத்திலிருந்து சுற்றுப்புறக் கிராமங்களுக்கு மாடல் டி கார்களை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் அமர்ந்தார். கரடுமுரடான அந்தப் பாதைகளில் வண்டியின் மரைகள் தளர்ந்து உறுப்புகள் ஆட்டம் கண்டுவிடும்; உதவிக்கு ஆள் இல்லாத வெட்டவெளியில் தானே இறங்கிச் சரிசெய்தாலன்றி ஊர் போய்ச் சேர முடியாது. யந்திர சாஸ்திரத்தின் முதற் பாடங்களை அவர் கற்றது இப்படித்தான். 1931-இல் கலிபோர்னியாவுக்குக் குடியேறிய இந்த இளைஞரை இந்த வரலாற்றில் மீண்டும் சந்திப்போம்.

1932-ஆம் ஆண்டில் ஃபோர்டு செய்த மற்றொரு காரியம், இந்த வித்தைக்கு உயிர்நாடியான கருவியை அளித்தது. அதுவரை எட்டு சிலிண்டர்களை ‘வி’ வடிவில் அமைத்த எஞ்சின், பெரும்பாலும் தனவந்தர்கள் வாங்கும் காடிலாக் போன்ற கார்களிலேயே இருந்துவந்தது. ஃபோர்டோ, எஞ்சினின் முக்கிய பாகம் முழுவதையும் ஒரே வார்ப்பில் வார்த்தெடுக்கும் முறையைச் சாதித்து, 221 கன அங்குலமும் 65 குதிரைசக்தியும் கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சினை, ஐந்நூறு டாலருக்கும் குறைந்த விலையில் தொடங்கும் காரிலே வைத்து விற்றார். வால்வுகள் பக்கவாட்டில் அமைந்து தலைப்பாகம் தட்டையாக இருந்தமையால் இதற்கு ‘பிளாட்ஹெட்’ என்று பெயர் வழங்கிற்று. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அந்தக் காலத்தில் புதுக் கார் வாங்கும் சக்தி பிள்ளைகளுக்கு இல்லை; ஆயினும், விபத்தில் நொறுங்கிய கார்களிலிருந்து இந்த எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தபோது, மாடல் டி-க்குப் பின் ஃபோர்டு வெளியிட்ட ‘மாடல் ஏ’ என்னும் தங்களுடைய பழைய வண்டியின் நாற்பது குதிரைசக்தி எஞ்சினை இறக்கிவிட்டு இதை ஏற்றலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு உதித்தது.

எண்ணுவது எளிது; செய்வது எளிதன்று. முதலில் ரேடியேட்டரின் நீரையும் எஞ்சின் ஆயிலையும் வடித்து, பாட்டரியின் ஒயரையும் பெட்ரோல் குழாயையும் கழற்றி, கொட்டகையின் உத்தரத்திலோ மரக்கிளையிலோ கப்பியும் சங்கிலியும் கட்டிப் பழைய எஞ்சினை மேலே தூக்க வேண்டும். புது எஞ்சின் பழையதைப்போல நான்கு சிலிண்டர்கள் நேர்வரிசையில் நிற்பதன்று, இருபுறமும் விரிந்தது. ஆதலால் அது உட்காரும் தாங்கிகளை அடிச்சட்டத்தில் இடம்மாற்றி அமைக்க வேண்டும். இரண்டு வரிசைக்கும் தனித்தனி நீர்ப்பாதை இருப்பதால் ரேடியேட்டரும் அதற்கேற்றதாக வேண்டும். பழைய கியர்பெட்டி இதனோடு சேராது. எட்டு சிலிண்டர் எஞ்சினுக்குரிய கிளட்சையும் கியர்பெட்டியையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். இவ்வளவும் முடிந்த பிறகும் ஒரு கடமை பாக்கி நின்றது: மாடல் ஏ வண்டியின் பிரேக்குகள் இரும்புக் கம்பிகளால் இழுக்கப்படுபவை, அதிக வேகத்தை அவை தாங்கமாட்டா. ஃபோர்டு கார்களில் 1939 முதல் வந்த திரவ பிரேக்குகளைக் கொண்டுவந்து பொருத்தியவனே பொறுப்புள்ளவன் என்று அவர்களுக்குள் மதிக்கப்பட்டான். வேகத்தைக் கூட்டுகிறவன் நிறுத்தும் சக்தியையும் கூட்டக் கடமைப்பட்டவன் என்ற தர்மத்தை, எந்த நீதி நூலும் போதிக்காமல், அந்தச் சிறுவர்கள் வேலையிலிருந்தே உணர்ந்தார்கள்.

எஞ்சினை ஏற்றுவது உடல் வலிமைக்குப் பரீட்சை என்றால், கார்புரேட்டரைச் சீர்செய்வது புத்திக்கும் பொறுமைக்கும் பரீட்சை. உள்ளிழுக்கப்படும் காற்று குறுகிய தொண்டை வழியாகப் பாயும்போது அதன் வேகம் கூடி அழுத்தம் குறைய, அக்குறைவே ஜெட் என்னும் நுண்துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி நுண்துளிகளாகச் சிதறச் செய்கிறது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் பதினைந்து பங்கு காற்று சேர்ந்தால் கலவை நன்கு எரியும். தத்துவம் இவ்வளவே. ஆனால் மிதவையின் மட்டம் சற்று உயர்ந்தால் பெட்ரோல் வழிகிறது. தாழ்ந்தால் ஏற்றத்தில் எஞ்சின் திணறுகிறது. வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் மந்த ஓட்டத்தை, அதாவது ஐட்லிங்கை, சரிசெய்யும் ஸ்குருவை மெல்ல மெல்ல உள்ளே திருகி, எஞ்சின் தடுமாறும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து சிறிது பின்வாங்கி, ஓட்டம் சீராகும் இடத்தில் நிறுத்த வேண்டும். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல அந்தப் பிள்ளை எஞ்சினின் ஒலியில் செவியை வைத்து நிற்பான். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பான்: கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டிய தீர்ப்பை அந்தச் சிறு பீங்கான் முனை பாரபட்சமின்றிச் சொல்லிவிட்டது.

ஃபோர்டு கம்பெனி 1936 முதல் சில ஆண்டுகள் தன் எஞ்சின்களில் வைத்த ‘ஸ்ட்ரோம்பர்க் 97’ என்னும் கார்புரேட்டர், இந்த வாலிபர்களுக்கு மிகவும் பிரியமானது. தொண்டையின் விட்டம் 0.97 அங்குலம் என்பதே அந்த எண்ணின் பொருள். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டை வைத்தால் எஞ்சின் தாராளமாகச் சுவாசிக்குமே என்று எண்ணியவர்களில் எடெல்ப்ராக்கும் ஒருவர். இரண்டு கார்புரேட்டர்களைத் தாங்கி, கலவையை எஞ்சினுக்குள் செலுத்தும் ‘மேனிபோல்டு’ ஒன்றை அவர் வடிவமைத்தார். இரண்டு வந்ததும் புதிய சிரமமும் வந்தது: இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு ரப்பர்க் குழாயின் முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலுமாக மாறி மாறி வைத்து, காற்றின் சீறல் இரண்டிலும் ஒன்றாகும்வரை திருகிச் சமன்செய்வது அக்காலத்து உபாயம்.

செய்த வேலையின் தரத்தைச் சோதிக்க இயற்கையே ஒரு களம் அமைத்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு வடகிழக்கே மொஹாவி பாலைவனத்தில் ம்யூராக், ரோஸமண்ட், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிகள் உண்டு. நீர் வற்றிய களிமண் தரை பல மைல் தூரம் இறுகிச் சமதளமாக விரிந்து கிடக்கும். அங்கே கூடிய சிறு சிறு சங்கங்கள் 1937-இல் ஒன்றுசேர்ந்து ‘தெற்குக் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம்’ என்ற அமைப்பை நிறுவி, விதிகளை வகுத்து, வேகத்தை முறையாக அளக்கலாயின. 1941 நவம்பரில் ரோஸமண்ட் ஏரியில் எடெல்ப்ராக் தம் 1932-ஆம் வருஷத்துக் காரை மணிக்கு 121 மைலுக்கு மேல் ஓட்டினார். அவருடைய பட்டறை பின்னர் உலகறிந்த தொழிற்சாலையாயிற்று. 1921-இல் பிறந்த எட் இஸ்கெண்டேரியன், பழைய மாடல் டி வண்டியைத் தாமே திருத்தி ஓட்டிய மற்றோர் இளைஞர். இரண்டாம் உலக யுத்தத்தில் சேவை முடிந்து திரும்பியதும் சாணை பிடிக்கும் யந்திரம் ஒன்றைத் தாமே மாற்றியமைத்து, எஞ்சினின் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் செய்யும் தொழிலைத் தொடங்கிப் பிரசித்தி பெற்றார்.

1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி யுத்தத்தின் நிமித்தம் நிறுத்தப்பட்டது. பெட்ரோலும் ரேஷனில் அடங்கிற்று. ஆனால் அந்த யுத்தமே ஆயிரக்கணக்கான வாலிபர்களுக்கு விமானங்களையும் டாங்கிகளையும் பழுதுபார்க்கும் பயிற்சியை அளித்துத் திருப்பி அனுப்பியது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் என்பவர் ‘ஹாட் ராட்’ என்ற மாதப் பத்திரிகையை வெளியிட்டபோது, கலிபோர்னியாவின் கொட்டகைகளில் வாய்மொழியாக உலவிய ரகசியங்கள், மற்ற ராஜ்யங்களில் தனியே உழைத்துக்கொண்டிருந்த சிறுவர்களின் கைக்கும் எட்டின. இதற்கிடையே தெருக்களில் நடந்த பந்தயங்களால் உயிர்ச்சேதம் நேர்ந்து, இந்த வாலிபர்களைச் சமூகம் அச்சத்தோடு பார்க்கும் நிலையும் உண்டாயிற்று. அந்தப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்த வாலி பார்க்ஸ் 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவி, தெருவிலிருந்து பந்தயத்தை அகற்றித் தனிப்பாதையில் பாதுகாப்பு விதிகளோடு நடத்த முயன்றது அந்த அச்சத்துக்குத் தக்க பரிகாரம்.

கம்பெனிகளும் விழித்துக்கொண்டன. ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ஜோரா ஆர்கஸ் டன்டாவ் 1953 டிசம்பரில் தம் மேலதிகாரிகளுக்கு எழுதிய குறிப்பில், வேகத்தில் நாட்டமுள்ள வாலிபர்கள் ஃபோர்டு எஞ்சினையே நம்பி வளர்கிறார்கள் என்றும், வருவாய் வந்தபின் அவர்கள் வாங்கும் காரும் ஃபோர்டாகவே இருக்கும் என்றும் எச்சரித்தார். 1955-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே பிரிவு வெளியிட்ட எட்டு சிலிண்டர் எஞ்சின், 265 கன அங்குலமும் 162 குதிரைசக்தியும் கொண்டதாயினும், அப்பிரிவின் ஆறு சிலிண்டர் எஞ்சினைவிட எடை குறைந்தது; விரைவிலேயே கொட்டகைகளில் பிளாட்ஹெட்டின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. பதினேழு வயதுப் பையன் எதைக் கழற்றி எதைப் பொருத்துகிறான் என்பதை மோட்டார் கம்பெனிகள் குவிந்த டெட்ராய்ட் நகரத்துப் பெரிய அதிகாரிகள் கூர்ந்து கவனிக்கும் காலம் வந்துவிட்டது.

1970-ஆம் ஆண்டின் காற்றுத் தூய்மைச் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த மின்னணுக் கருவிகளும், 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டரை முற்றிலும் அகற்றிவிட்டன. நகரத்தின் காற்று இதனால் சுத்தமாயிற்று, அது நன்மையே. ஆயினும், ஒரு திருப்புளியைக் கொண்டு யந்திரத்தின் உள்ளத்தை அறியும் வாய்ப்பைப் பிள்ளைகள் இழந்தது நஷ்டமே.

ஒரு சிறுவன் தனியாக எஞ்சினை மாற்றினான் என்று கேள்விப்படும்போது அவனுடைய சாமர்த்தியத்தை மெச்சுகிறோம், மெச்சத் தக்கதே. ஆனால் அந்தத் தனிமைக்குப் பின்னால் மலிந்த பழைய இரும்பும், பிரித்துப் பார்க்க இடங்கொடுத்த யந்திரமும், அறிந்ததை ஒளிக்காமல் அச்சிட்ட பத்திரிகையும், வேகத்தை நேர்மையாக அளந்த சங்கமும், கொட்டகையை ஒழித்துக்கொடுத்த பெற்றோரும் இருந்தார்கள் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. ஆகவே, நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் ஓடாத பழைய யந்திரம் ஒன்றைப் பிரித்துப் பரப்பிவிட்டுக் கைகளில் கரியோடு உட்கார்ந்திருந்தால், படிப்பு கெடுகிறதே என்று அவனை அதட்டி எழுப்பாமல், நல்ல கருவிகளை வாங்கிக் கொடுத்து, ஆபத்து எங்கே உண்டென்று சொல்லிவைத்து, அவன் தானே பூட்டி முடிக்கும்வரை பொறுத்திருக்குமாறு பெற்றோரையும் ஆசிரியர்களையும் வேண்டிக்கொள்கிறேன்.