டர்பன் தமிழரும் பெரிய வெள்ளித் தீமிதியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திற்கு 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் வந்து சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் கூட்டம் அதுவே. 1911-இல் இவ்வேற்பாடு நிறுத்தப்படும் வரை ஏறக்குறைய 1,52,000 பேர் அத்துறையில் இறங்கினர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். தமிழரும் தெலுங்கருமே மிகுதி. ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். பின்னர் ஆண்டுக்கொரு ஷில்லிங் உயர்வு. அரிசி, பருப்பு, கருவாடு, உப்பு ஆகியவற்றைப் படியாக அளந்தனர். பண்டிகை நாட்களை மட்டும் யாரும் அளந்து கொடுக்கவில்லை.

தைப்பூசம், தீபாவளி என்று சொல்லி வேலைக்கு வராமல் நின்றுவிட முடியாத நிலை. தோட்டத்து முதலாளிகள் ஆண்டுதோறும் விடுமுறை கொடுத்த பண்டிகை ஒன்று உண்டு. அதுதான் முகரம். கூலிகளில் முஸ்லிம்கள் சிறு தொகையினரே. ஆயினும் அந்நாளில் இந்துக்களும் சேர்ந்து காகிதமும் மூங்கிலும் கொண்டு தாபூத்துக் கட்டினர், தப்பு அடித்தனர், புலிவேஷம் போட்டு ஆடினர், ஊர்வலமாகச் சென்று தாபூத்தை நீரில் விட்டனர். வெள்ளைக்காரர் இதைக் 'கூலி கிறிஸ்துமஸ்' என்று ஏளனமாக அழைத்தனர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அல்லாசாமி பண்டிகை கொண்டாடியோருக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

1908-இல் சுவாமி சங்கரானந்தர் நேட்டாலுக்கு எழுந்தருளினார். இந்துக்கள் முகரத்தில் கலந்துகொள்வதை அவர் கண்டித்தார். தீபாவளிக்கு விடுமுறை கேட்கச் செய்தார். தேர் ஊர்வலங்களுக்கும் ஊக்கமளித்தார். விடுமுறை கேட்டது முற்றிலும் நியாயமே. ஆனால் புலிவேஷம் கட்டியவர்களைச் சமயம் அறியாதவர் என்று தள்ளிவிடுவது சரியன்று. அவர்களுக்குக் கிடைத்திருந்தது அந்த விடுமுறை ஒன்றுதான்.

கிறிஸ்தவரின் விடுமுறையும் இவ்வாறே பயன்பட்டது. பெரிய வெள்ளியன்று வேலை நிற்கும். ஆகவே திரௌபதி அம்மனுக்குத் தீமிதியும் மாரியம்மன் திருவிழாவும் அந்நாட்களில் நடைபெறலாயின. இசிப்பிங்கோ மாரியம்மன் ஆலயத்தில் பெரிய வெள்ளித் திருவிழாவுக்குப் பல்லாயிரவர் கூடுவது வழக்கமாயிற்று. புரட்டாசி விரதத்திற்கு எவரிடமும் விடுமுறை கேட்க வேண்டியதில்லை. அது இன்றளவும் அங்கு வீடுதோறும் உறுதியாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

திருவிழா இரவுகளில் தெருக்கூத்து உண்டு. பாரதமும் அரிச்சந்திரன் கதையும் விடிய விடிய நடக்கும். பெண் வேடமும் ஆண்களே போடுவர். ஆங்கிலத்தில் இதற்குச் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் வந்துவிட்டது. தமிழ் எழுதப் படிக்க அறியாத பிள்ளைகளுக்கும் பாஞ்சாலியின் சபதம் தெரிந்திருந்தது கூத்தின் புண்ணியத்தால்தான். பின்னாளில் கிரே தெருப் பகுதியின் சினிமாக் கொட்டகைகள் அந்த இரவுகளைப் பங்கு போட்டுக்கொண்டன.

அம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். 1905-இல் வெள்ளம் வந்து ஆலயத்தை அழித்தது. அடியார்கள் சோர்ந்துவிடவில்லை. கேட்டோ மேனர் பகுதியில் எழுப்பிய புதிய ஆலயம் 1947-இல் திறக்கப்பட்டது. பழைய ஆலயத்தின் சிற்பங்களும் கதவுகளும் அதில் இடம் பெற்றன. சுற்றிலும் தோட்டம் வைத்துக் காய்கறி விளைவித்த இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன. ஆலயத்திற்கு நடந்தே வரலாம்.

1950-இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என அறிவிக்கப்பட்டது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டு, 1960-களில் நகருக்குத் தெற்கே புதிதாக அமைத்த சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டன. நகரசபையின் துப்புரவுத் தொழிலாளரும் பிறரும் தலைமுறைகளாக வாழ்ந்த 'மேகசின் பாரக்ஸ்' குடியிருப்புக்கும் அதே கதி நேர்ந்தது. பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த இடம் அது. வீடுகள் இடிக்கப்பட்டன. கேட்டோ மேனரில் ஆலயங்கள் நின்றன. பூசைக்கு வரும் அண்டை வீட்டார்தான் இல்லை.

இடித்த நிலத்தின் பெரும்பகுதி நெடுங்காலம் வெறும் புல்வெளியாகவே கிடந்தது. அதன் நடுவே ஆலயமணி மட்டும் ஒலித்தது. ஆண்டுக்கொரு முறை, பெரிய வெள்ளிக்கு, மஞ்சள் ஆடை உடுத்திய கூட்டம் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அங்கு திரண்டது. முன்பு நடந்து வந்தவர்கள் இப்போது பஸ்ஸிலும் காரிலும் வந்து தீ மிதித்தனர். விரட்டிய அரசே பின்னாளில் அவ்வாலயத்தைத் தேசிய நினைவுச்சின்னம் என அறிவித்தது. அடியார்களின் வீடுகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

1994-இல் ஆட்சி மாறியது, சட்டங்களும் ஒழிந்தன. தென்னாப்பிரிக்க அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் தீபாவளி இன்னும் இடம் பெறவில்லை. பெரிய வெள்ளி இருக்கிறது. தீமிதியும் அந்த நாட்களில்தான் நடந்து வருகிறது.