கணக்குக் காட்டாதவரும் அவர் சுற்றமும்: உத்திரமேரூர் சபையின் விதிகள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் ஊர்ச் சபை செய்த தீர்மானங்கள் அவை. 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பகுதிகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை வழியே சம்வத்சர (ஆண்டு), தோட்ட, ஏரி வாரியங்கள் என்னும் குழுக்களுக்கு ஆள் எடுத்த முறையைப் பள்ளிப் பாடங்கள் சொல்கின்றன. பொதுவேலையில் உடனிருப்பவரே முறைகேடு செய்தால் என்ன செய்வது என்பதற்கும் அதே சாசனங்களில் விடை உண்டு. தேர்தல் முறையைவிட அந்தப் பகுதியே அரியது.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடவே கூடாது. அவர் திருடினார் என்று எவரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கணக்கு வராததே குற்றம். 921ஆம் ஆண்டுச் சாசனம் அவருடைய உறவினரையும் முறை சொல்லி விலக்குகிறது: சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனர், மருமகன், தந்தை, மகன் என்று பட்டியல் நீள்கிறது. ஒருவர் செய்ததற்குச் சுற்றம் முழுவதையும் விலக்குவது கடுமைதான். ஆனால் தவறியவரை அடுத்த ஆண்டு அவர் மைத்துனர் வந்து காப்பாற்றும் வழி அதனால் அடைபட்டது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை.

பதவிக் காலம் 360 நாள். அதற்குள் அபராதம் கண்டால், அதாவது குற்றம் தெரிந்தால், அப்போதே நீக்கிவிட வேண்டும். ஆண்டு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கணக்கு எழுதுபவர் தம் கணக்கைத் தாமே ஒப்பிக்க வேண்டும். அதை முடித்துத் தர வேறொரு கணக்கரை அமர்த்தக் கூடாது. கணக்கை ஒப்பித்தவர் நேர்மையானவர் என்று சபைப் பெரியோர் ஏற்ற பிறகே மீண்டும் அந்த வேலை கிடைக்கும்.

சந்தேகத்துக்கு இடம் தராத அதே கவனம் குடவோலை எடுப்பதிலும் தெரிகிறது. ஒன்றும் அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையை நீட்டி அதை வாங்குவான்; விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிய வழியில்லை. அவன் வாசித்த பெயரை அங்கிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், அனைவரும் வாசிக்க வேண்டும். வேறோர் உத்திரமேரூர்க் கல்வெட்டில் பொன் மாற்றுப் பார்ப்போருக்கு உள்ள விதியும் இப்படிப்பட்டதே: உரைகல்லில் ஒட்டிய பொன் துகளை மெழுகில் எடுத்து ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இந்தச் சபை நிலமும் வேதப் பயிற்சியும் உடைய பிராமண ஆண்களுடையது. உழுதவர்க்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. கணக்குக் கேட்கும் உரிமையும் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வருகைப் பதிவேட்டையும் ரசீதுகளையும் கேட்டு வாங்கிச் சமூகத் தணிக்கை செய்யும் உரிமையைக் கிராம சபைக்கு அளித்தது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஏரி தூர்வாரும் பெண்களும் தத்தம் கிராம சபையின் உறுப்பினர்களே.